ஆறாவது பல்லின் கணக்கு

கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிப் பாருங்கள். ஆறாவதாக வரும் அகன்ற பல்தான் முதல் கடைவாய்ப்பல். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஏறத்தாழ ஆறு வயதில், பால்பல் எதுவும் விழக் காத்திராமல், பால்பற்களுக்குப் பின்னால் இது முளைத்துவிடுகிறது. பெற்றோர் பலர் இதையும் பால்பல் என்றே எண்ணி அசட்டையாக இருந்துவிடுவர். போனால் திரும்ப முளைக்காத பல் இது! ஒரு காலத்தில் இந்தப் பல்லை வைத்தே ஒரு பள்ளியின் பற்சொத்தையை மதிப்பிட முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

1930-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறையைச் சேர்ந்த ஹென்றி கிளைன், கரோல் பாமர், ஜான் நட்சன் ஆகியோர் மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் நகரில் பள்ளிச் சிறுவர்களின் பற்களை ஆராய்ந்தனர். சொத்தையான பல், சொத்தையால் இழந்த பல், அடைக்கப்பட்ட பல் ஆகிய மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக 1938-இல் வெளியிட்டனர். இழந்த பல்லை ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்கிறீர்களா? கூட்டாவிட்டால், சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்ட சிறுவன் கணக்கில் நலமானவனாகத் தோன்றுவான்.

ஆனால் ஒவ்வொரு வாயிலும் எல்லாப் பற்களையும் பார்த்துக் குறிப்பதற்கு நேரம் பிடிக்கும். பல் மருத்துவர்களோ சிலர், சிறுவர்களோ ஆயிரக்கணக்கானோர். சுருக்குவழி உண்டா?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்போம். பருக்கைகள் எல்லாம் ஒன்றுபோல் வேகும் என்பதால் அது சரி. பற்கள் அப்படியல்ல. கிளைனும் பாமரும் 1941-இல் பற்களை வகைவாரியாக ஒப்பிட்டனர். சொத்தைக்கு முதலில் இரையாவது முதல் கடைவாய்ப்பல். கீழ்த்தாடை முன்பற்களோ கடைசிவரை தப்பிவிடுகின்றன. கடைவாய்ப்பல்லின் மேற்புறப் பள்ளங்களில் உணவு தங்குகிறது. கீழ் முன்பற்களை உமிழ்நீர் ஓயாமல் கழுவுகிறது. இந்த வரிசை பெரும்பாலும் மாறாததால்தான் சில பற்களிலிருந்து மற்றவற்றை ஊகிக்க இடமிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். 100 சிறுவர்களை முழுமையாகப் பார்த்ததில் முதல் கடைவாய்ப்பற்களில் 200-ம், வாய் முழுவதிலும் 250-ம் பாதிக்கப்பட்டிருந்தால் விகிதம் 1.25. அதே வயதுடைய வேறு 100 பேரிடம் கடைவாய்ப்பற்களை மட்டும் பார்த்து 160 கண்டால், மொத்தம் 200 என மதிப்பிடலாம். சராசரி தலைக்கு 2.

நட்சன் 1944-இல் இன்னும் எளிய வழியைத் தந்தார். ஒரு சிறுவனிடம் பாதிக்கப்பட்ட பல் ஒன்றைக் கண்டதுமே அடுத்தவனை அழைத்துவிடலாம்! அப்படிப்பட்ட சிறுவர்களின் சதவிகிதத்திலிருந்தே சராசரியைக் கணிக்கலாம் என்றார்.

இரண்டு வழிக்கும் கூரை உண்டு. ஒருவனுக்கு முதல் கடைவாய்ப்பற்கள் நான்குதான். சதவிகிதமும் 100-ஐத் தாண்டாது. சொத்தை மிகுந்த ஊரில் இந்த எல்லை எட்டப்பட்டபின் மேலும் எத்தனை பற்கள் கெட்டாலும் கணக்கு அசையாது. வயதும் குறுக்கிடும்: 12 வயதையொட்டி இரண்டாவது கடைவாய்ப்பற்கள் முளைத்து அவையும் கெடத் தொடங்கினால் பழைய விகிதம் உதவாது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் குடிநீரில் புளூரைடு சேர்க்கத் தொடங்கினர். அதன்பின் அங்கே பிறந்த குழந்தைகளிடம் பற்சொத்தை 60 சதவிகிதத்திற்கும் மேல் குறைந்தது. ஆனால் புளூரைடு எல்லா இடத்தையும் ஒரே அளவில் காப்பதில்லை. பல்லின் வழவழப்பான பக்கங்களை நன்கு காக்கிறது. கடைவாய்ப்பல்லின் பள்ளங்களை அவ்வளவாகக் காப்பதில்லை. ஆகவே எஞ்சிய சொத்தை கடைவாய்ப்பற்களிலேயே குவிகிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் கடைவாய்ப்பற்களை மட்டும் எண்ணிப் பழைய 1.25-ஆல் பெருக்கினால், காக்கப்பட்ட மற்றப் பற்களையும் கெட்டவையாகக் கணக்கில் ஏற்றிவிடுவார். மருந்தின் பலன் உண்மையைவிடக் குறைவாகவே அவருக்குத் தெரியும்.