மீட்சி

மீட்சி: பெயர்ச்சொல். ‘ஆள்’ ஆட்சி ஆனதுபோல ‘மீள்’ மீட்சி ஆயிற்று. மீள்வது தன்வினை: தானே திரும்பி வருவது. மீட்பது பிறவினை: அடகு நகையை மீட்கிறோம், பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதைக் கரந்தைத் திணை என்கிறது புறப்பொருள் வெண்பாமாலை.

சம்சு என்ற மலிவு மதுவிலிருந்தோ மனநோயிலிருந்தோ ஒருவர் வெளிவர இரண்டு வினையும் வேண்டும். மீள்பவர் அவர், கைகொடுப்பது ஊர். கோலாலம்பூரில் 1970 முதல் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு மனம் நொந்தவர்களின் குரலுக்குக் காதுகொடுத்து வருகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309, மலேசியாவில் 2023இல் நீக்கப்பட்டது.

மற்றது நம் கையில். பிரிக்பீல்ட்ஸ் கல்யாணத்திலோ கிள்ளான் தீபாவளி விருந்திலோ, குடியை விட்டவரிடம் ‘ஒரு கிளாஸ்தானே’ என்று நீட்டாதீர்கள். ஒரு தே தாரிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.