போட் மெயிலும் கொழும்புக் கப்பலும்



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை என்றதும், "பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பற்றித்தானே?" என்று கேட்பீர்கள். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801-இல் ஊமைத்துரை கோட்டையை மறுபடி கட்டிப் போரிட்டதும், அந்த ஆண்டு மே மாதம் கோட்டை விழுந்து தரைமட்டமானதும் பள்ளிக்கூடத்திலேயே நாம் படித்த கதை. இப்போது நாம் பார்க்கும் கோட்டை 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுச்சின்னம். அதை எழுத நம்மில் நல்ல எழுத்தாளர்கள் உண்டு. நான் சொல்லப்போவது கோட்டை வாசலில் இருந்து கிழக்கே போகும் பாதையைப் பற்றி. அந்தப் பாதை தூத்துக்குடியோடு முடிந்துவிடவில்லை, கடலைத் தாண்டிக் கொழும்பு வரை போயிற்று.

கோட்டையில் இருந்து தூத்துக்குடி இருபது கிலோமீட்டருக்குள்தான். இன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு தூக்கம் போடுவதற்குள் உப்பளம் வந்துவிடும். அந்தக் காலத்தில் அப்படியா? இது கரிசல் பூமி. வெயில் காலத்தில் வண்டி புழுதி பறக்க ஓடும். ஒரு மழை பெய்தால் போதும், சக்கரம் அச்சு வரை புதைந்துவிடும். பருத்திப் பொதி ஏற்றிய மாட்டு வண்டிகள் இந்த மண்ணில்தான் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

1876-இல் தென்னிந்திய ரயில்வே தூத்துக்குடியைத் தொட்டது. சென்னையில் ரயில் ஏறி, தூத்துக்குடியில் இறங்கி, கப்பலில் கொழும்பு போகலாம் என்று ஆயிற்று. அந்த வண்டிக்குத்தான் "போட் மெயில்" என்று பெயர். ரயிலும் கப்பலும் ஒரே பயணத்தின் இரண்டு பாதிகள். உலகத்தின் வேறு மூலைகளிலும் இதே முறைதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் மொம்பாசாவில் புறப்பட்ட உகாண்டா ரயில் பாதை 1901-இல் விக்டோரியா ஏரிக்கரையில், இன்றைய கிசுமுவில், போய் நின்றது. அதற்கப்பால் உகாண்டா போக நீராவிப் படகுதான். அந்தப் பாதையைப் போட இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 32 ஆயிரம் தொழிலாளர்களைக் கொண்டு போனார்கள். அவர்களில் சுமார் 2,500 பேர் திரும்பவே இல்லை, அங்கேயே இறந்து போனார்கள். ரயில் தண்ணீரைத் தொட்ட இடங்களில் எல்லாம் இப்படி ஒரு மனிதக் கணக்கும் சேர்ந்தே இருக்கிறது. நம் தூத்துக்குடியிலும் இருந்தது.

கரையிலிருந்து கப்பலுக்கு

பொறியாளன் என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. பழைய தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது! மன்னார் வளைகுடாவின் இந்தக் கரை ஆழம் குறைந்தது. 1864-இல் மரப்பாலம் ஒன்று கட்டினார்கள், 1868-இல் சிறு துறைமுகமாக அறிவித்தார்கள். ஆனாலும் நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நடுக்கடலில்தான் நங்கூரம் போட்டன. ஆளும் சரக்கும் முதலில் படகில் ஏற வேண்டும், பிறகு அலையில் ஆடும் படகிலிருந்து ஆடும் கப்பலுக்கு மாற வேண்டும். கைக்குழந்தையும் மூட்டை முடிச்சுமாகப் போன பெண்களை நினைத்துப் பாருங்கள். கொழும்பு ஒரு ராத்திரிப் பயணம்தான், ஏறக்குறைய 150 கடல் மைல். ஆனால் முதல் சில மைல்தான் வயிற்றைக் கலக்கியிருக்கும்.

இப்படி இரண்டு தடவை ஏற்றி இறக்குவதால் நேரம் போகிறது, சரக்கு சேதமாகிறது, செலவும் கூடுகிறது. அதே சமயம் அந்த வேலையை நம்பி ஒரு ஊரே பிழைத்தது. முத்துக்குளித்த பரதவர் குடும்பங்களும், தோணிக்காரர்களும், மூட்டை தூக்கியவர்களும்தான் அந்தத் துறைமுகத்தின் உண்மையான இயந்திரங்கள்.

யார் போனார்கள்?

கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்த வியாபாரிகள் போனார்கள். காயல்பட்டினத்து முஸ்லிம்கள், நாடார்கள், பரதவர்கள் என்று நம் பக்கத்தில் கொழும்பு வியாபாரத்தால் நிமிர்ந்த குடும்பங்கள் பல. ஆனால் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் அவர்கள் அல்ல. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளர்கள்.

கங்காணி ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார். மழை பொய்த்த வருஷம் என்றால் பேச்சே வேண்டாம், குடும்பமே கிளம்பிவிடும். மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தட்டப்பாறை என்ற சின்ன ஸ்டேஷன் இருக்கிறதே, அங்கேதான் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. கொழும்பு போகும் தொழிலாளர்களை அங்கே நிறுத்தி வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள். 1901 முதல் தகர டிக்கெட் முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று எண் பொறித்த ஒரு தகர வில்லை. அதைக் காட்டினால் வழியில் காசு கேட்க மாட்டார்கள். சும்மாவா? அந்தச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறி, கடைசியில் தொழிலாளியின் கடனாக வந்து நிற்கும். ஆக, மலை ஏறுவதற்கு முன்பே அவன் கடன்காரன்.

சுதேசிக் கப்பல்

இவ்வளவு ஜனம் போய் வருகிற கடலில் கப்பல் யாருடையது? பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியுடையது. இந்தக் கேள்வியைக் கேட்டவர்தான் வ.உ.சி. அவர் பிறந்த ஒட்டப்பிடாரம் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர், நடந்தே போய்விடலாம். 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். முதலில் பம்பாயில் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். கப்பல் கொடுத்தவர்களுக்கு நெருக்கடி வந்து அது நின்றது. அப்போதுதான் சொந்தக் கப்பலே வாங்குவது என்று வ.உ.சி. கிளம்பினார். 1907-இல் "காலியா", "லாவோ" என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம், 4,000 மூட்டை ஏற்றலாம்.

பிறகு நடந்த கட்டணச் சண்டை எம்.பி.ஏ. படிப்பவர்களுக்குப் பாடமாக வைக்கத் தக்கது. வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது, சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி ஓசியிலேயே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று வ.உ.சி. வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். நஷ்டத்தைத் தாங்கப் பெரிய கம்பெனிக்கு வேறு கடல்கள் இருந்தன. நம்மவர்களுக்கு இருந்தது இந்த ஒரே ஒரு கடல். 1908 மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. தலைவர் சிறையில் இருக்க, 1911-இல் கம்பெனியைக் கலைத்தார்கள். காலியா கப்பல் அதே போட்டிக் கம்பெனியின் கைக்கே போயிற்று. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்த மனிதருக்கு, வாதாட வக்கீல் சன்னதும் இல்லை, ஓட்டக் கப்பலும் இல்லை.

1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டாரே, அப்போது ஆஷ் ரயில் பெட்டியில் உட்கார்ந்து காத்திருந்தது எந்த வண்டிக்கு? தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய அதே போட் மெயிலுக்குத்தான்!

பாதை மாறியது

இன்னொரு கோணத்திலும் யோசித்துப் பார்க்கிறேன். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. அங்கிருந்து தலைமன்னார் 22 மைல்தான். ஒரு ராத்திரிக் கடல் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. தொழிலாளர் முகாமும் தட்டப்பாறையை விட்டு மண்டபத்துக்கு மாறியது. சுதேசிக் கம்பெனி தப்பிப் பிழைத்திருந்தாலும் பயணிகளில் பெரும்பகுதியை இந்தப் பாலம் கொண்டு போயிருக்கும். அப்படியானால் வ.உ.சி. செய்தது வீணா? இல்லவே இல்லை. கடலும் நம்முடையது, அதில் ஓடும் கப்பலையும் நாமே வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர்தான்.

தனுஷ்கோடிப் பாதையும் நிலைக்கவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 9 லட்சத்து 75 ஆயிரம் மலையகத் தமிழரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று காகிதத்தில் பிரித்தார்கள். தகர வில்லையோடு போனவர்களின் பேரப்பிள்ளைகள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள், தாங்கள் பிறக்காத "தாய்நாட்டுக்கு". அந்தக் கப்பலும் 1984-இல் நின்று போனது.

தூத்துக்குடிக்கு 1974-இல் பெரிய துறைமுகம் வந்தது. இரண்டு அலைதடுப்புச் சுவர்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். கப்பல் கரைக்கே வந்துவிட்டது. 2011-இல் அதற்கு வ.உ.சி. பெயரையும் வைத்தார்கள். அதே 2011 ஜூனில் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மறுபடி புறப்பட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. அந்த வருஷம் முடிவதற்குள் நின்றும் போயிற்று. 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். நம் ஊருக்கு அந்த யோகம் திரும்பவில்லை. பழைய துறைமுகத்தில் மரத்தோணிகள் மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சரக்கு ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குப் போய் வருகின்றன.

இதில் நமக்கு என்ன பாடம்? ஆழம் வந்தது, பாலம் வந்தது, எஞ்சின் வந்தது. எல்லாம் வந்தும் பயணிகள் கப்பல் நிற்கவில்லை. வடிவமைப்பு சரியாக இருந்தால் மட்டும் ஒரு பாதை ஓடாது. கட்டணம் யார் கையில், அரசு யார் பக்கம், ஏறுகிற மனிதன் விருப்பப்பட்டு ஏறுகிறானா கடனுக்கு ஏறுகிறானா என்பதும் சேர்ந்துதான் பாதை. பொறியியல் படிக்கும் தம்பிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் வீட்டுப் பரணில் கொழும்பிலிருந்து வந்த டிரங்குப் பெட்டி ஒன்று கிடக்கும். அதில் பழைய பாஸ்போர்ட், கடிதம், கடைச் சிட்டை, ஒருவேளை ஒரு தகர வில்லைகூட இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே, யார், எப்போது, எந்தக் கப்பலில் போனார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த மலரை அந்தக் குறிப்புகளாலேயே நிரப்பலாம்.