பிடிக்கட்டையின் திருகாணி

யாழ்ப்பாணத்துத் துவக்கின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1970களிலிருந்தே தொடங்குகின்றனர். யார் யாரைச் சுட்டார், எந்தப் பொலிஸ் நிலையத்திலிருந்து எத்தனை ஆயுதங்கள் போயின என்று அது குழல் முனையிலிருந்து எழுதப்படும் வரலாறாகவே இருந்து வருகிறது. என் வயதினர் துவக்கை முதலில் அறிந்ததோ அதன் மறுமுனையால். அதாவது பிடியால்.

1961 பெப்ரவரி 20 ஆம் திகதி தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கினர். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அரச நிர்வாகம் முடங்கியது. ஏப்ரல் 14 ஆம் திகதி தந்தை செல்வாவின் தலைமையில் கட்சி தனது சொந்த அஞ்சல் சேவையையும் ஆரம்பித்து முத்திரை வெளியிட்டது. ஏப்ரல் 17 ஆம் திகதி இரவு அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. தலைவர்கள் கைதாகிப் பனாகொடை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கச்சேரி வாசலில் இருந்த தொண்டர்களை இராணுவத்தினர் அடித்துக் கலைத்தனர். "துவக்குப் பிடியால் அடிச்சவங்கள்" என்று பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டபோது எனக்குப் பதினான்கு வயது. சுடுவதற்கென்று செய்த கருவியால் அடிக்கவும் முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்நாளில் இலங்கைப் படையினர் கையிலும் பொலிசார் கையிலும் இருந்தது .303 என்று ஊரார் சொல்லும் லீ-என்ஃபீல்ட் ரைபிள். ஸ்கொட்லாந்தில் பிறந்து வட அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த இயக்கமுறையைக் கொண்டு, இங்கிலாந்தின் என்ஃபீல்ட் தொழிற்சாலை 1895 இல் இதைச் செய்யத் தொடங்கியது. 1907 இல் வந்த மூன்றாம் மார்க் வகையே உலகெங்கும் பரவிய வகை. முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் கிடந்ததும், வங்காளத்தில் இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் பல்லாண்டுகளாகச் செய்யப்பட்டதும் அதுதான். ஏறத்தாழ நான்கு கிலோ எடை. பத்துத் தோட்டா கொள்ளும்.

இந்த ரைபிளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அக்காலத்து மற்றப் படை ரைபிள்கள் பலவற்றுக்கு முனை முதல் அடி வரை ஒரே நீண்ட மரம். லீ-என்ஃபீல்டுக்கோ முன்கட்டை வேறு, பிடிக்கட்டை வேறு. நடுவே இரும்புடலின் பின்புறத்தில் கிண்ணம் போன்ற ஒரு குழி உண்டு. பிடிக்கட்டையின் தலை அதற்குள் இறுகி உட்காரும். முதிர்ந்த வால்நட் மரத்தில் பழுதில்லாத நீளத் துண்டு கிடைப்பது அரிது, குட்டைத் துண்டு எளிது. அதைவிட, கை நீண்டவனுக்கு நீண்ட பிடியும் குட்டையானவனுக்குக் குறுகிய பிடியும் மாற்றிப் பூட்டலாம். எனவே பிடிகளை நான்கு அளவுகளில் செய்து, வழக்கமான அளவு தவிர்ந்தவற்றுக்கு எழுத்துக் குறியிட்டார்கள். தையற்காரன் சட்டை தைப்பது போலத் துவக்குக்கும் அளவெடுத்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வளவையும் பூட்டி வைத்திருப்பது ஒரேயொரு திருகாணி. சாதாரண ஆணியன்று. பெருவிரல் பருமனான தலையுடன் பிடிக்கட்டையின் நடுவே துளைத்த குழிக்குள் மறைந்திருப்பது. பித்தளை அடித்தட்டின் மூடியைத் திறந்து, எண்ணெய்க் குப்பியையும் குழல் துடைக்கும் கயிற்றையும் எடுத்துவிட்டால் ஒரு தோல் அடைப்பு தெரியும். அதற்கும் அப்பால், இருளில், திருகாணியின் வெட்டு.

அந்த இருளுக்குள் நான் கை வைத்தது 1963 இல். எங்கள் கல்லூரியில் கடேற் படையணி இருந்தது. அணிவகுப்புக்கு .303 தருவார்கள். என்னிடம் வந்த துவக்கின் பிடி ஆடியது. இறுக்கித் தருமாறு கேட்பதை விட்டு, நானும் இன்னொருவனும் ஆயுத அறையிலேயே அதைக் கழற்றிப் பார்க்கத் துணிந்தோம். கடலோரக் காற்றில் துருவேறிய திருகாணி அசையவில்லை. பெரிய திருப்புளியொன்றைத் தேடி எடுத்து, அதன் கைப்பிடியில் குறுக்கே இரும்பைக் கொடுத்து, இருவரும் சேர்ந்து திருப்பினோம். திருகாணி அசைந்தது. அதே வேளை துவக்கின் நடுவிலிருந்து, காய்ந்த பனம் மட்டை பிளப்பது போல ஓர் ஓசை கேட்டது. கழற்றியது பின்கட்டையை, பிளந்திருந்ததோ முன்கட்டை.

பொறுப்பாசிரியர் எங்களை அடிக்கவில்லை. மயிலிட்டியிலிருந்து ஒருவரை அழைப்பித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கைப் பாதுகாப்புப் படையில் ஆயுதம் திருத்தும் வேலை பார்த்தவர். அப்போது ஊரில் தண்ணீர்ப் பம்புகள் திருத்திக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்து இறங்கியவர் துவக்கைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்:

"முன்கட்டையைக் கழட்டாமலோ இதில கை வைச்சனீங்கள்?"

"ஓம் ஐயா."

"அப்ப வெடிக்கத்தானே செய்யும், தம்பி."

அவர் சொல்லித்தான் விளங்கியது. மூன்றாம் மார்க் வகையில் இந்தத் திருகாணியின் முன்முனை சதுரமாக இருக்கும். அந்தச் சதுரம் இரும்புக் கிண்ணத்தைத் தாண்டி, முன்கட்டையின் பின்னால் பதித்த ஒரு சிறு தகட்டின் பிளவில் போய் உட்காரும். ஓடும்போதும் சுடும்போதும் திருகாணி தானாகத் தளராதிருக்கச் செய்த ஏற்பாடு அது. முன்கட்டை இருக்கும்போது திருகாணியைத் திருப்பினால் சதுரமும் திரும்பும். திரும்ப இடமில்லாததால் மரத்தைப் பிளக்கும். பின்னர் வந்த நான்காம் இலக்க வகையில் சதுர முனையைக் கைவிட்டு, வில் வளையமொன்றைப் போட்டார்கள். எங்களைப் போன்றவர்கள் எத்தனை ஆயிரம் கட்டைகளைப் பிளந்த பின் வந்த ஞானமோ!

அடுத்த பிழையையும் அவரே காட்டினார். தோல் அடைப்பை எடுக்காமலே திருப்புளியைச் செலுத்தியிருந்தோம். தோலில் வழுக்கும் திருப்புளி வெட்டுக்குள் இறங்காமல் பக்கவாட்டில் ஆப்புப் போல ஏறினால் பிடிக்கட்டையும் போய்விடும். அது தப்பியது எங்கள் நல்ல காலம்.

அன்று இன்னொரு துவக்கில் அவர் வேலையைச் செய்து காட்டினார். முதலில் முனைத் தொப்பியும் வளையங்களும் விசைக்காப்பும், பிறகு முன்கட்டை. கம்பிக் கொக்கியால் தோல் அடைப்பு. பின்னர் துவக்கை நிமிர்த்தி வைத்துக் குழிக்குள் மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, "நாளைக்கு வாறன்" என்று போய்விட்டார். எங்களுக்குப் பெரும் ஏமாற்றம். மறுநாள் துணியில் சுற்றிய திருப்புளியொன்றைக் கொண்டுவந்தார். முழங்கையிலும் நீளமானது. உருக்குக் கம்பியைத் தட்டி, அந்த ஒரு வெட்டுக்கு மட்டும் பொருந்துமாறு முனையை அராவியது. அதை வெட்டில் நிறுத்தி மேலிருந்து சுத்தியலால் இருமுறை தட்டினார். துரு உடைய வேண்டும் என்றார். பிறகு உடம்பின் பாரத்தைக் கொடுத்துக்கொண்டு, கழற்றும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பினார். அதன் பின்பே மறுபக்கம். ஓசையின்றி வந்தது.

அந்நாளில் அது ஒரு தொழில் அறிவு மட்டுமே. பம்புச் சுரையைக் கழற்றுவதற்கும் துவக்குப் பிடியைக் கழற்றுவதற்கும் ஊரில் யாரும் பேதம் பார்க்கவில்லை. பிளந்த முன்கட்டைக்குப் பித்தளை ஊசி வைத்து ஒட்டித் தந்தவர், சில ஆண்டுகளின் பின் அந்தத் திருப்புளியை எனக்கே கொடுத்துவிட்டார். நான் அதைக் கொக்குவில் வீட்டில் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அம்மா சில வேளைகளில் தேங்காய் மட்டை நெம்ப எடுப்பார்.

பின்னர் நடந்தவை வாசகர்கள் அறிந்தவையே. 1974 ஜனவரி 10 ஆம் திகதி நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் பொலிசார் கண்ணீர்ப்புகை வீசி, மேல்நோக்கிச் சுட்டனர். மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது பேரின் நினைவுத் தூண்கள் அங்கே எழுந்தன. ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிரெட்சர் தலைமையிலான மக்கள் விசாரணைக் குழு பொலிசாரையே குற்றங்கண்டது. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மூன்றாண்டுக்கென்று வந்தது 1982 இல் நிரந்தரமாயிற்று. 1981 இல் ஆனைக்கோட்டையிலும் 1982 அக்டோபர் 27 அன்று சாவகச்சேரியிலும் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டு ஆயுதங்கள் அள்ளப்பட்டன. பொலிஸ் நிலையத்துச் சட்டகத்தில் நின்ற துவக்குகள் கை மாறின. அவற்றை எடுத்தவர்களுக்கும் பிடி ஆடியிருக்கும், கட்டை பிளந்திருக்கும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

1987 ஆகஸ்ட் 5 ஆம் திகதி பலாலியில் புலிகளின் சார்பில் யோகி ஒரு கைத்துப்பாக்கியை மேசையில் வைக்க, பாதுகாப்புச் செயலாளர் ஜெனரல் சேபால ஆட்டிகல பெற்றுக்கொண்டார். செய்தி மேசையில் அமர்ந்து அந்தச் செய்திக்குத் தலைப்பிட்டவன் நான். இனித் துவக்குகளையெல்லாம் கழற்றி வைத்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு மயிலிட்டிக்காரர் நினைவு வந்தது. முன்கட்டை அப்படியே இருக்கப் பின்கட்டையில் கை வைக்கிறார்கள் என்று சொன்னேன், எவருக்கும் விளங்கவில்லை. அக்டோபர் 10 ஆம் திகதி இந்தியப் படையுடன் போர் மூண்டது.

1990 ஜூனில் மயிலிட்டி முழுவதும் இடம்பெயர்ந்தது. அவரும் பட்டறையை அப்படியே விட்டுப் போனார் என்றும், திரும்பிப் பாராமலே காலமானார் என்றும் பின்னர் அறிந்தேன். 2017 ஜூலையில் மயிலிட்டியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது போய்த் தேடினேன். ஒழுங்கை எது, வளவு எது என்றே அடையாளம் காண முடியவில்லை.

திருப்புளியின் கதையை அம்மா 1985 இல் கொழும்புக்கு வந்தபோதுதான் சொன்னார். சுற்றிவளைப்புகள் தொடங்கிய காலத்தில், வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "மாமி, இது துவக்குக் கழட்டுறது எல்லோ" என்றிருக்கிறான். அவன் எப்படி அறிந்தான் என்று அம்மா கேட்கவில்லை. அன்று இரவே அதைக் கிணற்றில் போட்டுவிட்டார். "நீ இல்லாத வீட்டில அதை ஏன் வைச்சிருக்க வேணும்?" என்றார்.

ஏ-9 பாதை திறந்த மறு ஆண்டு, 2003 இல், ஊருக்குப் போய்க் கிணற்றை இறைப்பித்தேன். இரண்டு வாளி, ஒரு செம்பு, அறுந்த கயிறு, யாரோ போட்ட தோட்டா உறைகள் சில வந்தன. திருப்புளி வரவில்லை. சேற்றுக்குள் ஆழப் புதைந்திருக்கும் என்று இறைத்தவர்கள் சொன்னார்கள். இன்னும் அரை நாள் கூலி கொடுத்தால் தோண்டிப் பார்ப்பதாகவும் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.