முதல்வர் யார்? வெல்வது யார்?

அஸர் தொழுகை முடிந்து வெயில் சாயும் வேளையிலே கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தைச் சுற்றி நடப்பவர், இரண்டு வினாக்களைக் கேளாமல் வீடு திரும்புதல் அரிது. உலகத்து ஆட்டக்காரருள் முதல்வர் யார் என்பது ஒன்று. வருகின்ற ஆட்டத்தில் வெல்வது யார் என்பது மற்றொன்று. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் தேநீர்க் கடை வாங்குகளிலே இவ்விரு வழக்குகளும் தீர்ப்பின்றியே தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றன. உலக உதைபந்தாட்டக் கிண்ணம் வந்துவிட்டால், காக்கா பிரேசில் கட்சி, தம்பி ஆர்ஜென்டீனாக் கட்சி என ஒரே வீட்டார் இரு கூறாகிவிடுவர். இது வீண் பேச்சென்று பெரியோர் கடிந்துகொள்வதுண்டு. கடிந்துகொள்ளும் பெரியோரும் சிறிது நேரத்தில் பிராட்மனைப் பற்றித் தம் கருத்தை உரைக்கத் தொடங்கிவிடுவர் என்பது வேறு.

இவ்வினாக்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அதிலே இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு.

வெற்றியை முன்னறிந்து கூறும் ஆசை பெரும் வணிகமாக வளர்ந்தது இங்கிலாந்திலே ஆகும். 1923ஆம் ஆண்டில் ஜோன் மூர்ஸ் என்பவர் லிவர்பூல் நகரில் தொடங்கிய லிட்டில்வூட்ஸ் நிறுவனம், வாரந்தோறும் நடைபெறும் உதைபந்தாட்டங்களின் முடிவுகளை ஊகித்துச் சீட்டு நிரப்பும் வழக்கத்தை அந்நாட்டுத் தொழிலாளர் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. பணம் வைத்து ஊகித்தல் சூதேயாதலின் இக்கரையூர்களில் அதற்கு இடமில்லை. ஊகித்தலில் உள்ள இன்பத்துக்கு மட்டும் தடை இருந்ததில்லை. 1963ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தைக் கடுங்குளிர் வாட்டியது. மைதானங்கள் உறைந்து, வாரக்கணக்கில் ஆட்டங்கள் நின்றுபோயின. சீட்டு நிறுவனங்கள் என் செய்தன? பழைய ஆட்டக்காரர் சிலரையும் நடுவர் ஒருவரையும் ஓர் அறையில் அமர்த்தி, ஆடப்படாத ஆட்டங்களில் எவர் வென்றிருப்பார் எனத் தீர்ப்புக் கூறச் செய்தன! பந்து உருளாமலே வெற்றி தோல்வி அறிவிக்கப்பட்டது. அதனை ஏற்றுக்கொண்டு மக்களும் பரிசு பெற்றனர்.

இதனினும் நுட்பமான வழியைக் கண்டவர், ஹங்கேரியிலே பிறந்து அமெரிக்காவிலே பௌதிகம் கற்பித்த ஆர்ப்பாட் ஈலோ என்னும் பேராசிரியர். சதுரங்க ஆட்டக்காரரை நிரல்படுத்த அவர் வகுத்த முறையை உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970ஆம் ஆண்டில் ஏற்றது. இருவர் மோதுமுன் ஒவ்வொருவருக்கும் உள்ள வெற்றி வாய்ப்பு கணிக்கப்படும். முடிவு கணிப்புக்கு மாறாக அமையுமளவுக்குப் புள்ளிகள் கைமாறும். வலியவன் எளியவனை வென்றால் பெறுவது சொற்பம். எளியவன் வலியவனை வீழ்த்தினாலோ பெறுவது மிகுதி. 2018ஆம் ஆண்டு முதல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமும் நாடுகளை நிரல்படுத்த இவ்வழியையே தழுவியுள்ளது. ஆகவே, யார் முதல்வர் என்பதும் யார் வெல்வார் என்பதும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாகிவிட்டன.

கணக்கு நன்று. ஆனால் கணக்கை வாசிப்பவனும் நன்கு வாசிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி டர்பன் நகரில் உலகக் கிண்ணப் போட்டியொன்றிலே இலங்கையும் தென்னாபிரிக்காவும் மோதின. மரவன் அத்தபத்துவின் 124 ஓட்டங்களோடு இலங்கை 268 ஓட்டங்களைக் குவித்திருந்தது. தென்னாபிரிக்கர் துடுப்பெடுத்தாடுகையில் மழை நெருங்கியது. மழையால் ஆட்டம் நின்றால் அக்காலத்தில் வெற்றியைத் தீர்மானித்தது டக்வேர்த், லூயிஸ் என்னும் இரு ஆங்கிலக் கணிதர் வகுத்த அட்டவணை. 45ஆம் ஓவரின் முடிவில் 229 ஓட்டங்கள் வேண்டும் எனத் துடுப்பெடுத்தாடிய மார்க் பௌச்சருக்குச் செய்தி வந்தது. அவர் முரளிதரனின் பந்தை ஆறு ஓட்டங்களுக்கு அடித்து 229ஐ எட்டினார். அடுத்த பந்தை, ஓவரின் இறுதிப் பந்தை, ஆபத்து வேண்டாமென மெதுவாகத் தடுத்து நின்றார். மழை கொட்டியது. 229 வெற்றிக்குரிய எண் அன்று, சமநிலைக்குரிய எண் என்பது பின்னரே அவர்களுக்கு விளங்கிற்று! ஓர் ஓட்டம், ஒரேயோர் ஓட்டம் எடுத்திருந்தால் வெற்றி அவர்களுடையது. தம் நாட்டிலே நடந்த உலகக் கிண்ணத்திலிருந்து அவர்கள் வெளியேறினர். இலங்கை அடுத்த சுற்றுக்குச் சென்றது.

அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே இலங்கை மற்றொரு கணிப்பைப் பொய்யாக்கியிருந்தது. 1975 முதல் 1992 வரை நடந்த ஐந்து உலகக் கிண்ண இறுதி ஆட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றது. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க, அவுஸ்திரேலியரை முதலில் ஆடப் பணித்தபோது, முன்னைய முடிவுகளை மனனம் செய்திருந்தோர் திகைத்தனர். அவுஸ்திரேலியா 241 ஓட்டங்களைப் பெற்றது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களைக் குவிக்க, இலங்கை மூன்று விக்கெட்டுகளை மட்டும் இழந்து வென்றது. முன்னிகழ்ந்தவை ஐந்தும் ஒரே திசையைக் காட்டினும் ஆறாவது அவ்வழியே செல்லக் கடமைப்பட்டதன்று.

இனி, முதல்வர் யார் என்னும் வழக்குக்கு வருவோம். இவ்வழக்கை வாக்கெடுப்பால் தீர்க்க முனைந்தோருள் அமெரிக்கர் முன்னோடிகள். அவர்தம் பேஸ்போல் ஆட்டம் இலங்கையருக்கு முற்றும் புதிதன்று. பள்ளிக்கூட மைதானங்களிலே ஆடப்படும் எல்லே அதன் உறவினன் எனலாம். கோலால் பந்தை ஓங்கி அடித்துவிட்டு, நிலைக்கு நிலை ஓடிச் சுற்றி வருதல் இரண்டுக்கும் பொது. 1936ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பத்திரிகை எழுத்தாளர் 226 பேர் வாக்களித்து, கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரில் அமையவிருந்த புகழ்மண்டபத்துக்கு முதல் ஐவரைத் தெரிந்தனர். டை கொப் 222 வாக்குகளுடன் முதலிடம் பெற்றார். பேப் ரூத், ஹோனஸ் வாக்னர் இருவருக்கும் தலா 215 வாக்குகள். கிறிஸ்டி மத்தியூசனும் வோல்டர் ஜோன்சனும் ஏனைய இருவர். அடித்தல் சராசரியில் கொப்பே என்றென்றும் முதல்வர் என்று ஏடுகள் எழுதின.

அவ்வேடுகளில் ஒரு பெருங்குறை இருந்தது. அக்காலத்தில் கறுப்பின ஆட்டக்காரருக்குப் பெருங் கழகங்களின் கதவு அடைக்கப்பட்டிருந்தது. அவர்கள் தமக்கெனத் தனிக் கழகங்கள் அமைத்து ஆடினர். அவ்வாட்டங்களின் எண்களைப் பெருங் கழகங்கள் எண்களாகவே மதிக்கவில்லை. ஜொஷ் கிப்சன் என்னும் அடிப்பாளர் அவருள் தலைசிறந்தவர். அவர் 1947 ஜனவரியில் இறந்தார். அவ்வாண்டு ஏப்ரலிலேதான் ஜாக்கி ரொபின்சன் என்னும் கறுப்பர் பெருங் கழக மைதானத்தில் முதன்முதலாகக் கால்வைத்தார். கிப்சன் மூன்று மாத இடைவெளியில் அதனைக் காணாது போனார். பழைய பத்திரிகைகளையும் ஆட்டச் சீட்டுகளையும் ஆய்வாளர் பல்லாண்டு திரட்டியதன் பயனாக, 2024 மே மாதத்தில் அக்கழகங்களின் எண்கள் பொதுப் பதிவில் சேர்க்கப்பட்டன. ஒரே நாளில் முதலிடம் மாறிற்று. கொப்பின் சராசரி .367, கிப்சனுடையது.372. இறந்து 77 ஆண்டுகளுக்குப் பின் அவர் முதல்வரானார். அவ்வாண்டுகளில் அவர் புதிதாக ஒரு பந்தும் அடிக்கவில்லை, ஏடுதான் திருத்தப்பட்டது.

கிப்சன் மறைந்த அதே 1947ஆம் ஆண்டில், சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக ஓர் இலங்கையர் 215 ஓட்டங்களைப் பெற்றார். அவர் பெயர் மகாதேவ சதாசிவம். கொழும்பு வெஸ்லிக் கல்லூரியிலே பயின்று, தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடியவர். மறு ஆண்டு மார்ச்சில், இங்கிலாந்துக்குக் கப்பலேறிய டொனால்ட் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்புத் துறைமுகத்தில் தங்கியபோது, அதனை எதிர்த்த இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அக்காலத்து இலங்கைக்கு உலகப் பேரணிகளோடு மோதக் கிடைத்த வாய்ப்புகளுள் பல கப்பல் துறைமுகத்தில் தங்கும் இடைவேளைகளே. அன்றைய ஆட்டத்தில் பந்து எகிறிய விதம் கண்டு ஐயுற்று ஆடுகளத்தை அளந்து பார்த்தபோது, அது 22 யார் நீளம் இராமல் 20 யாராக இருந்ததாம்! அதே ஆண்டு ஓகஸ்டில் ஓவல் மைதானத்தில் பிராட்மன் தம் இறுதி டெஸ்ட் இன்னிங்சில் ஓட்டமெதுவும் பெறாது ஆட்டமிழந்தார். நான்கு ஓட்டங்கள் பெற்றிருந்தால் அவர் சராசரி நூறாக நின்றிருக்கும். 99.94 என்னும் அவ்வெண்ணைக் கல்முனைச் சிறுவரும் அறிவர்.

சதாசிவத்தின் டெஸ்ட் சராசரி எவ்வளவு? அப்படி ஒன்று இல்லை. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி 1981ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது. முதல் டெஸ்ட் ஆட்டம் 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்தது. சதாசிவமோ 1977ஆம் ஆண்டில் காலமாகிவிட்டார். மலாயா, சிங்கப்பூர் அணிகளுக்கும் தலைமை தாங்கிய அவர் பெயர், எண்களால் ஆகிய எந்த உலகப் பட்டியலிலும் இராது. மேற்கிந்தியத் தீவுகளின் பிராங்க் வொரல், தாம் கண்ட துடுப்பாட்டக்காரருள் அவரையே தலையாயவராகக் கருதினார் எனப் பலகாலும் எடுத்துரைக்கப்படுகிறது. வொரலின் கண் தேர்ந்த கண். ஆயினும் கண்கண்ட சாட்சியைக் கூட்டவோ வகுக்கவோ கணிதத்தில் வழியில்லை.

2000ஆம் ஆண்டில் விஸ்டன் ஆண்டுமலர், நூறு அறிஞரிடம் நூற்றாண்டின் ஐந்து சிறந்த ஆட்டக்காரரைக் கேட்டது. பிராட்மனுக்கு நூறு வாக்குகளும் கிடைத்தன. கார்பீல்ட் சோபர்சுக்கு 90. ஜாக் ஹொப்ஸ், ஷேன் வோர்ன், விவியன் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் அவர்களைத் தொடர்ந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின் அதே விஸ்டன் கணக்கிட்டுப் பார்த்தபோது, டெஸ்ட் பந்துவீச்சாளருள் முதலிடம் முத்தையா முரளிதரனுக்குக் கிடைத்தது. வாக்குக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர்! 1995 டிசம்பரில் மெல்போர்ண் மைதானத்தில் ஒரு நடுவர் அவர் பந்தை எறிபந்தென ஏழு முறை தள்ளிய வழக்கும் அத்தோடு சேர்ந்தே நடந்தது. கையை எத்தனை பாகை மடிக்கலாம் என்னும் விதியே அதன் பின்னர் புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து 1961இல் பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் கரையூர்களுக்கோ, சதாசிவத்துக்குக் கிடைத்த ஒரு சேப்பாக்கம்கூட எளிதில் கிடைக்கவில்லை. கொழும்புக்கு நெடுந்தொலைவு, புற்றரை மைதானம் அரிது. இங்கு ஆடியோரின் புகழ் பெரும்பாலும் பள்ளிக்கூட ஏடுகளிலும் கழகங்களின் குறிப்பேடுகளிலும் கண்டோர் நினைவிலுமே வாழ்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது, இலங்கை மாவட்டங்களுள் அதிக உயிர்களை இழந்தது அம்பாறையே. கரையோரப் பள்ளிக்கூடங்கள் இடிந்தன. வீடுகளோடு அலுமாரிகளும், அவற்றில் இருந்த படங்களும் கிண்ணங்களும் தாள்களும் போயின. மனித உயிர்களின் முன் அவை பொருட்டல்ல என்பது உண்மையே. ஆயினும் கிப்சனைத் தேடியவர்க்குப் பழைய பத்திரிகைத் தாள்களாவது கிடைத்தன.

தப்பிய தாள்கள் இன்னும் சில வீடுகளில் இருத்தல் கூடும். எந்த ஆண்டு, எந்த ஊருக்கு எதிராக, எத்தனை கோல் என்று தேநீர்க் கடையில் வாதாடும் முதியோரும் உளர். அவர்கள் சொல்வதில் சற்று மிகை இருக்கலாம். கிப்சன் அடித்த பந்துகளைப் பற்றிய கதைகளிலும் மிகை இருந்தது. பள்ளி மாணவர் ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவ்வாங்குகளில் அமர்வாராயின் எழுதப்படவேண்டியது நிரம்ப உண்டு.

முரளிதரனின் முடிவு மட்டும் பதிவேட்டில் ஐயமின்றி நிற்கின்றது. 2010 ஜூலையில் காலி மைதானத்தில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்துக்கு முன்னரே, அதனோடு டெஸ்டிலிருந்து விலகுவதாக அவர் அறிவித்துவிட்டார். அப்போது அவர் வீழ்த்தியிருந்தவை 792 விக்கெட்டுகள். 800க்கு எட்டு வேண்டும். அடுத்த ஆட்டமும் ஆடலாமே என்று கேட்டவருக்கு அவர் இணங்கவில்லை. முதல் இன்னிங்சில் ஐந்து கிடைத்தன. இரண்டாவதில் இரண்டு. 799இல் நின்றபோது இந்தியரிடம் எஞ்சியிருந்தது ஒரு விக்கெட் மட்டுமே. மறுமுனையிலே வேறெவரும் அதனை வீழ்த்தியிருக்கலாம். ஓவர்கள் கடந்தன. இறுதியில் பிரக்ஞான் ஓஜாவின் துடுப்பு விளிம்பில் பட்ட பந்து மஹேல ஜயவர்த்தனவின் கையில் விழுந்தது.