மொட்டைக் கடுதாசியும் ஒரு படிப்பு வட்டமும்

எங்கள் சோழவரம் பக்கத்தில் மொட்டைக் கடுதாசி எளியவனின் ஆயுதம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவன் பேர் போட்டுப் புகார் எழுதினால் மறுநாள் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். பேரில்லாமல் எழுதுவான், அது எந்த மேசையிலும் அசையாது. 2015இல் மட்டும் ஒரு மொட்டைக் கடுதாசி தில்லி வரை போய், அரசுக் கடிதத்தின் முதுகிலேறிச் சென்னைக்குத் திரும்பி வந்தது. அதை யார் எழுதினார்கள் என்பதைவிட, அது எப்படி அதிகாரத்தின் குரலாக மாறியது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் 2014 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்டது. விவேகானந்தர் பெயரில் ஏற்கெனவே அங்கே ஒரு வட்டம் உண்டு. அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. இந்த இரண்டு பெயர்கள் மட்டும் மாணவரைப் பிரிக்குமாம். பெயரை மாற்றும்படி நிர்வாகம் சொன்னதாக வட்டத்தினர் பின்னர் தெரிவித்தார்கள். அடுத்த ஆண்டு மோடி அரசின் கொள்கைகளைச் சாதி, மதம், முதலாளியம் மூன்றையும் சேர்த்து விமர்சித்து அவர்கள் ஒரு துண்டறிக்கை வெளியிட்டார்கள். அது புகாராகப் போனது. மே 15 தேதியிட்டு மனிதவள அமைச்சகம் விளக்கம் கேட்டது. மே 22இல் அங்கீகாரம் ரத்து. தங்களை அழைத்து விசாரிக்கவே இல்லை என்றார்கள் மாணவர்கள்.

செய்தி வெளியானதும் தொலைக்காட்சிகள் பிடித்துக்கொண்டன. ராகுல் காந்தி ட்விட்டரில் கண்டித்தார், ஸ்மிருதி இரானி பதிலடி கொடுத்தார். இரண்டு பெரிய மனிதர்களின் குழாயடிச் சண்டையாக விஷயம் சுருங்கிப்போனது. மிச்சமிருந்த இடத்தில் 'கருத்துச் சுதந்திரம்' பேசப்பட்டது. அது பொய்யல்ல. ஆனால் புகாரின் மையம் அதுவல்ல. பிரதமர் மீதும் இந்துக்கள் மீதும் வெறுப்பை வளர்க்கிறார்கள் என்பதோடு, தலித், பழங்குடி மாணவர்களை அணிதிரட்டுகிறார்கள் என்பதும் அதில் குற்றச்சாட்டு. ஐஐடிகளில் அவர்களுக்கு இடஒதுக்கீடு வந்தது 1973இல். பிற பிற்பட்டோருக்கு 2008இல். தகுதி, திறமை என்று அதுவரை புழங்கிவந்த கதையாடலுக்கு இவர்கள் தனித்தனியாக உள்ளே வருவதுகூடப் பெரிய தொல்லையில்லை, சேர்ந்து உட்கார்ந்து படிப்பதுதான் தாங்கவில்லை. சாதியைப் பற்றிய இந்த அச்சத்தைச் 'சுதந்திரம்' என்ற பொதுச்சொல் நாசூக்காக மூடிவிட்டது. இடதுசாரி நண்பர்கள் பலரும் அந்தச் சொல்லையே சுமந்து திரிந்தார்கள். கூட்டாளிகளைச் சேர்க்க அது வசதி, வேறென்ன?

போராட்டம் வென்றது. ஜூன் 7இல் அங்கீகாரம் திரும்பியது, கேமராக்கள் கிளம்பிப்போயின. அணிதிரள்வது குற்றமா என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது.

அதே ஆகஸ்டில் ஹைதராபாத் பல்கலைக்கழகம் குறித்து அதே அமைச்சகத்துக்கு இன்னொரு கடிதம் போனது. இது மொட்டையல்ல, மத்திய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா கையெழுத்திட்டது. வளாகம் சாதிய, தேசவிரோத அரசியலின் கூடாரமாகிவிட்டது என்றது. பின்னர் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பேர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17இல் தற்கொலை செய்துகொண்டார். கேமராக்கள் மறுபடி வந்தன. அவர் உண்மையில் தலித்தா இல்லையா என்று விவாதம் நடத்தினார்கள்.