வாளும் விமோசனமும்: தமிழ்ப் போர்க்கலைத் திரைப்படங்களில் காதல், பழி, மீட்சி

பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த தென்காசி காசிவிசுவநாதர் ஆலயத்துள் நுழைவோர், வாள் ஓங்கிய வீரபத்திரனும், கால் தூக்கிய தாண்டவமூர்த்தியும், சினந்த காளியும், அவர்களோடு ஒரே மண்டபத்தில் மன்மதனும் இரதியும் பேருருவச் சிற்பங்களாய் நிற்பதைக் காண்பர். சிருங்காரத்துக்குரிய இணையும் ரௌத்திரத்துக்குரிய மூர்த்தியும் இவ்வாறு ஓரிடத்தில் கூடியிருப்பது சிற்பியின் அலங்கார வேட்கை மட்டுமே என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் வீரபத்திரன் தோன்றிய கதையே காதலில் தொடங்கிப் பழியில் வளர்ந்து மீட்சியில் முடிவது. கணவன் பொருட்டுத் தந்தையின் வேள்வியில் தாட்சாயணி உயிர் துறக்க, அத்துயரத்தின் வடிவாய் எழுந்த வீரபத்திரன் தக்கன் தலையைக் கொய்கிறான். பின்னர் அதே தக்கன் ஆட்டுத்தலை பெற்று மீண்டும் எழுகிறான். பழி முழுமையாகத் தீர்க்கப்படுகிறது, பழிக்கு உள்ளானவனுக்கு விமோசனமும் கிட்டுகிறது. ஆயினும் பழைய முகம் திரும்புவதில்லை.

இந்த மூன்றடுக்கு அமைப்பு, வாளும் கம்பும் கையும் காலும் ஒரு நியமத்தோடு இயங்கும் நம் சண்டைத் திரைப்படங்களில் எவ்வாறு புகுந்தது, புகுந்தபின் எவ்வாறு மாறிற்று என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். காதலும் பழியும் ஏறக்குறைய பழைய நிலையிலேயே இருக்க, மீட்சியை வழங்கும் அதிகாரம் மட்டும் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதும், அந்தக் கைமாற்றத்தைக் கொண்டே இத்திரைப்படங்களின் காலப்பகுப்பைச் செய்யலாம் என்பதும் என் துணிபு.

வடகரை, பண்பொழி, செங்கோட்டை முதலாய மலையடிவார ஊர்களை உள்ளிட்ட தென்பாண்டிச் சீமையில், கொடை விழாக்களின் இரவுகளில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்த அமைப்பு புதிதன்று. சுடலைமாடனும் இசக்கியும் முத்துப்பட்டனும் இப்பாட்டுகளின் நாயகர்கள். இவருள் முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை பதிப்பித்து அறிஞர் உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். அந்தணனாகிய பட்டன், சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா என்னும் உடன்பிறந்தாரைக் காதலித்து, குலத்தை விட்டுச் செருப்புத் தைக்கவும் முற்பட்டு, மாமனின் மாடுகளைக் கவர வந்த கள்வரோடு பொருது வீழ்கிறான். பெண்கள் இருவரும் தீப்பாய்கின்றனர். அவன் வீழ்ந்ததோடு பாட்டு முடிவதில்லை; பட்டவராயன் என்னும் தெய்வமாகிப் பொதிகைமலைச் சாரலில் சொரிமுத்தையனார் கோயிலில் அவன் இடம்பெறுகிறான்; அடியவர் அவனுக்கு இன்றளவும் தோற்செருப்பைக் காணிக்கையாக்குகின்றனர். எந்தத் தொழிலால் குலம் இழந்தானோ அந்தத் தொழிலின் பொருளே வழிபாட்டுப் பொருளாயிற்று.

ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நடும் வழக்கம் தொல்காப்பியப் பழமை உடையது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று அந்நூல் வகுக்கும் ஆறு நிலைகளும் ஒரு சாவைத் தெய்வமாக்கும் கிரியைகளே. ஆகவே பாட்டின் உலகில் மீட்சி என்பது இறப்புக்குப் பின்னரே வருவது, அதனை வழங்குவதும் ஊரே. கொன்றவர்களின் சந்ததியாரும் கொடையில் பொங்கலிடும்போதுதான் பழி அடங்குகிறது.

இனி, இக்கதைகளைத் தாங்கிய உடற்கலையை நோக்குவோம். நெல்லைச் சீமையின் சிலம்பமும் குத்துவரிசையும், அதற்குத் தெற்கே குமரிப் பகுதியின் அடிமுறையும் வர்மமும் போருக்கென்று மட்டும் பயிலப்பட்டவை அல்ல. கம்பு சுற்றுபவன் முதலில் கற்பது அடியை அன்று, காலடியையே. சுவடு பிழைத்தால் வீச்சுப் பிழைக்கும் என்பது வாத்தியார்மார் அனைவரும் கூறுவது. வர்ம ஆசான்களோ உடலில் பன்னிரண்டு படுவர்மமும் தொண்ணூற்றாறு தொடுவர்மமுமாக நூற்றெட்டு நிலைகளைக் கணக்கிட்டு, தாக்குதலைக் கற்பிப்பதோடு, தாக்குண்டவனை எழுப்பும் இளக்குமுறையையும் மாணாக்கன் அறிந்திருக்க வேண்டும் என்று விதித்தனர். அடிக்கும் கையே ஆற்றும் கையாகவும் இருத்தல் வேண்டும் என்ற இந்த நியமத்தில், மீட்சி கலைக்கு உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. திரைப்படம் இதனை எவ்வளவு தூரம் கைவிட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

உடற்கலை நேரே வெள்ளித்திரைக்கு வந்துவிடவில்லை. நாடக மேடை இடையே நின்றது. எம். ஜி. இராமச்சந்திரன் பயின்ற மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும், எம். என். நம்பியார் வளர்ந்த நவாப் இராஜமாணிக்கத்தின் குழுவும், சிறுவர்களுக்குப் பாட்டோடும் வசனத்தோடும் கத்திச்சண்டையையும் கற்பித்தன. மேடைச் சண்டையின் நோக்கம் கொல்லுதல் அன்று, கொல்லுவதாய்க் காட்டுதல். எனவே ஒவ்வொரு வீச்சும் அபிநயமாகவும் தாளத்துக்கு இசைவதாகவும் அமைதல் வேண்டிற்று. குற்றாலத்துச் சித்திரசபையில் கூத்தப்பிரான் செப்புத் திருமேனியாய் அன்றி ஓவியமாய் வழிபடப்படுதல் போல, நம்மவர்க்குச் செயலினும் செயலின் சித்திரமே பல வேளைகளில் வணக்கத்துக்கு உரியதாய் இருந்திருக்கிறது.

பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே, 1937-இல் வெளிவந்த ‘மின்னல்கொடி’யில், கே. டி. ருக்மிணி ஆணுடை தரித்துக் கொள்ளைத் தலைமை பூண்டு தோன்றினார். தமிழ்ச் சண்டைப் படத்தின் முன்னோடிகளுள் ஒருவர் பெண் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். மறதிக்குக் காரணம் உண்டு. அடுத்த இருபதாண்டுகளுக்குள் வாள் முழுவதும் ஆண்மகன் கைக்குச் சென்றுவிட்டது. அந்தக் கைமாற்றத்தின் திருப்புமுனையாக நான் கருதுவது 1950-இல் வந்த ‘மந்திரிகுமாரி’.

எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்கி, மு. கருணாநிதி வசனம் தீட்டிய அப்படம் குண்டலகேசிக் கதையைத் தழுவியது. காதலித்து மணந்த கணவன் தன்னை மலையுச்சியிலிருந்து தள்ள முற்படுகையில், அவனை மும்முறை வலம்வர வேண்டுவதுபோல் வேண்டி அவனையே தள்ளிவிடுகிறாள் அப்பெண். காப்பியத்தில் அவள் அதன்பின் துறவு பூண்டு, பௌத்த தருமத்தை வாதில் நிலைநாட்டுகிறாள். கொலையினின்று மீளும் வழி அவளுக்கு ஞானமாக அமைகிறது. காப்பியம் சில செய்யுட்களே எஞ்ச மறைந்துபோக, அதன் கதையை நாம் அறிவது நீலகேசியின் உரையினாலே. அந்த நீலகேசியின் நாயகியோ, தன்னைக் கொன்றவனைப் பேயுருவில் தொடர்ந்து பழிவாங்கிய பழையனூர் நீலியைச் சமண முனிவர் ஒருவரின் உபதேசத்தால் திருந்தியவளாகக் காட்டும் பாத்திரம். தென்பாண்டியில் இசக்கியாய் வணங்கப்படுபவளின் கதையிலும் அவளே நிற்கிறாள். பழிவாங்கிய இரு பெண்களைச் சமயவாதிகள் வாதமேடையில் எதிரெதிரே நிறுத்தினர் என்பது நம் இலக்கிய வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

திரைப்படம் இந்த ஞானவழியை அடைத்துவிட்டது. மாதுரி தேவி நடித்த அமுதவல்லி, கொள்ளைக்காரனாகிய கணவன் பார்த்திபனைத் தள்ளிக் கொன்றபின் அரசவையில் உண்மையை உரைத்து, அவன் தந்தையாகிய ராஜகுருவின் கையால் மாள்கிறாள். படத்தின் வாள்வீரன் வீரமோகன். அவனாக நடித்த எம். ஜி. ஆர். உயிர் பிழைத்து இளவரசியை மணக்கிறார். அதாவது பழி தீர்த்தவள் தியாகியாகவும், வாள் வீசியவன் பயனடைந்தவனாகவும் பிரிக்கப்பட்டனர். இதன்பின் நெடுங்காலம் தமிழ்ப்படத்தில் பெண், பழி வாங்குபவளாய் அன்றி, எவள் பொருட்டுப் பழி வாங்கப்படுகிறதோ அவளாகவே நின்றாள். கதையமைப்பின் நோக்கில் இது பெரும் இழப்பென்றே சொல்வேன்.

வில்லுப்பாட்டின் பழைய முடிவைச் சிதைக்காமல் ஏற்ற ஒரே பெரும்படம், லேனா செட்டியார் தயாரிப்பில் டி. யோகானந்த் இயக்கிய ‘மதுரை வீரன்’ (1956). பொம்மியின் காதலும், வெள்ளையம்மாளின் காதலும், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட வீரனின் மரணமும், அவன் தெய்வமாதலும் கதைப்பாடலின் வழியே வந்தவை. நாயகன் இறக்கும் படத்தை இரசிகர் ஏற்கமாட்டார் என்ற வணிகக் கணக்கு இங்கே பொய்த்து, படம் மகத்தான வெற்றி பெற்றது. காரணம் எளிது: பார்த்தவர்க்கு அது சாவாகத் தோன்றவில்லை. முத்துப்பட்டனுக்கு நேர்ந்ததே வீரனுக்கும் நேர்ந்தது என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆயினும் எம். ஜி. ஆர். தாமே இயக்கிய ‘நாடோடி மன்னன்’ (1958) வேறு வழியைத் தேர்ந்தது. நம்பியாரோடும் பி. எஸ். வீரப்பாவோடும் அவர் நிகழ்த்தும் வாட்போர்களில் பகையுணர்ச்சியைக் காட்டிலும் கணிதமே மிகுதி. எதிரியின் வாள் நழுவினால் அவன் எடுத்துக்கொள்ளும் வரை காத்திருத்தல் அவரது சண்டைகளின் சம்பிரதாயம். கதையின் முடிவில் பழிக்குரிய கணக்கு ஆட்சித் திட்டமாக, குடிகளுக்கான சட்டங்களாக மாறுகிறது. மீட்சியை வழங்கும் அதிகாரம் ஊர்த்தெய்வத்தினின்று சிம்மாசனத்துக்கு வந்து சேர்ந்தது. இத்திரைப்படத்துக்குப் பின் நிகழ்ந்த அரசியல் வரலாற்றை அறிந்த வாசகர்க்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஏறக்குறைய இதே காலத்தில் சீன மொழிப் படவுலகிலும் மேடை வாள் திரைக்கு இறங்கிற்று. பீகிங் இசைநாடகத்தின் அசைவுகளைக் கொண்டு கிங் ஹூ 1966-இல் எடுத்த ‘கம் டிரிங்க் வித் மீ’ படத்தின் நாயகி, நடனம் பயின்ற செங் பெய்-பெய். அவரே 2000-இல் ஆங் லீயின் ‘கிரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ படத்தில், தன்னை இச்சைக்குக் கொண்டு வித்தையை மறுத்த ஆசானைக் கொன்ற மூதாட்டியாகத் தோன்றினார். அப்படத்தின் வீரன் அடக்கிவைத்த காதலைச் சாகும் தறுவாயில்தான் சொல்கிறான். இளம்பெண் ஒருத்தி இறுதியில் மலையுச்சியினின்று தானே பாய்கிறாள். அதே மலையுச்சியில் குண்டலகேசி கணவனைத் தள்ளினாள், இவள் தன்னைத் தள்ளிக்கொண்டாள். சீனப் படம் பெண்ணின் கையிலிருந்து வாளைப் பறிக்காத காரணத்தாலேயே அதன் மீட்சி இத்தனை நிறங்களைக் கொண்டது.

தமிழில் அரசகதைகள் ஓய்ந்து சமூகக்கதைகள் மலர்ந்தபோது வாள் ஒதுங்கிக் கம்பு முன்வந்தது. சாண்டோ சின்னப்பா தேவரின் ‘தாய்க்குப்பின் தாரம்’ (1956) தந்தையின் சாவுக்குக் காரணமான காளையை மகன் அடக்குவதைப் பழியாக்கிற்று. ‘ரிக்ஷாக்காரன்’ (1971) வண்டியில் அமர்ந்தபடியே சிலம்பம் வீசுவதைக் காட்டிற்று. பின் வந்த கராத்தே அலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரும்பாலானவை புரூஸ் லீயின் கூச்சலை மட்டுமே கற்றவை.

பரதன் இயக்கத்தில், கமல்ஹாசன் கதை எழுதிய ‘தேவர் மகன்’ (1992) இவ்வரலாற்றில் தனியிடம் பெறும். ஊர்ப்பகையை வெறுத்து நகரத்துக் காதலியோடு வந்த சக்திவேல், அக்காதலை இழந்து, பஞ்சவர்ணத்தை மணந்து, விரும்பாத தலைமையை ஏற்று, முடிவில் பகைவனின் தலையைக் கொய்கிறான். வீரபத்திரன் செயலே இது. ஆயின் தக்கனுக்குக் கிடைத்த ஆட்டுத்தலை இங்கு யாருக்கும் கிடைப்பதில்லை. ஊரார் பழியைத் தாம் ஏற்க முன்வந்தும் அவன் மறுத்து, காவலரிடம் சரணடைந்து, இரயிலேறிச் செல்கிறான். சாமியாக்க ஊர் ஆயத்தமாய் நிற்க, சாமியாக மறுத்தவன் அவன். கோயிலிலும் அரியணையிலும் இருந்த மீட்சி, நீதிமன்றத்தின் வாயிலுக்கு வந்துவிட்டது. அப்படத்தில் கையிழக்கும் எளிய மனிதனுக்கு இசக்கி என்று பெயரிட்டது யாருடைய எண்ணமோ, பழிக்குரிய தேவதையின் பெயரைச் சுமந்தவன் பழியே நினையாதவனாய் நிற்பது நினைக்கத்தக்கது.

நான்காண்டுகளுக்குப் பின் ஷங்கரின் ‘இந்தியன்’ (1996) வர்மக்கலையைப் பெரும்பரப்பில் அறிமுகப்படுத்திற்று. கைலஞ்சத்தால் மகளை இழந்த முதியவர் சேனாபதி, விரல்நுனியால் உடலை முடக்கி, ஈற்றில் பெற்ற மகனையும் கொல்கிறார். படுவர்மத்தின் பயங்கரத்தில் காட்டிய அக்கறையை இளக்குமுறையில் படம் காட்டவில்லை. கலையின் பாதி மட்டும் திரைக்கு வந்தமையால், அவருக்கும் மீட்சி இன்றி, தப்பியோடுதலே முடிவாயிற்று.

அதே இயக்குநரின் ‘அந்நியன்’ (2005) தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்துக்கு வந்தது. ‘ரோஜா’வுக்குப் பின்னணியான வயல்வெளியை உடைய அவ்வூரின் பாறைகள் இப்படத்தின் ஒரு பாட்டுக்காக முகச்சித்திரங்களாய்த் தீட்டப்பட்டன, இன்றும் அவை படத்தின் பெயராலேயே அறியப்படுகின்றன. பீட்டர் ஹெய்ன் அமைத்த பயிற்சிக்கூடச் சண்டையில், நூற்றுக்கு மேற்பட்ட நிழற்படக் கருவிகளைக் கொண்டு காலத்தையே உறையச் செய்து, உடல்களை அந்தரத்தில் நிறுத்தினர். மேடையில் அபிநயமாய்த் தொடங்கிய அழகுநெறி இங்கே இயந்திரத்தின் உச்சத்தை எட்டிற்று. காதலை ஏற்காத பெண்ணின் பொருட்டு ஒருவனாகவும், கருட புராணத் தண்டனைகளை நிறைவேற்ற மற்றொருவனாகவும் பிளவுண்ட நாயகனுக்கு விமோசனம் அளிக்கும் அதிகாரம் இப்போது மனநோய் மருத்துவமனைக்கு உரியதாகிறது. குணமடைந்தான் என்று அவனை வெளிவிட்டு மணமும் முடித்து வைக்கிறார்கள். தேனிலவுக்குச் செல்லும் இரயிலிலேயே அவன் ஒருவனை வெளியே தள்ளிக் கொல்கிறான். மருத்துவர் தந்த சான்று அந்த ஓர் இரவுக்கும் செல்லுபடியாகவில்லை. ‘தேவர் மக’னில் தண்டனை ஏற்கச் சென்றவனைச் சுமந்த இரயில், இங்கே தண்டனை வழங்குபவனைச் சுமந்து செல்கிறது.