சிறியதைத் தடுத்துப் பெரியதை அனுமதிக்கும் வாயில்

உயிரணுவைச் சூழ்ந்துள்ள கொழுப்புச் சவ்வினூடாக மின்னேற்றம் பெற்ற அயனிகள் தாமாகப் புக முடியாது. அவற்றுக்குப் புரதங்களாலான நுண்கால்வாய்களே வழிவிடுகின்றன.

இவற்றில் பொட்டாசியக் கால்வாய் நெடுங்காலம் புதிராக இருந்தது. நொடிக்குப் பல கோடி பொட்டாசிய அயனிகளைக் கடத்தும் அது, அவற்றைவிடச் சிறிய சோடிய அயனிகளை ஏறத்தாழ முற்றாகத் தடுக்கிறது.

அமெரிக்க விஞ்ஞானி ராட்ரிக் மெக்கின்னன் குழுவினர், பாக்டீரியக் கால்வாய் ஒன்றை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து 1998இல் இதற்கு விடை கண்டனர். அயனிகள் நீர் மூலக்கூறுகள் சூழவே இருக்கின்றன. உள்ளே நுழைய அவற்றை உதற வேண்டும். கால்வாயின் ஆக்ஸிஜன் அணுக்கள் பொட்டாசியத்துக்கு அந்த இழப்பைச் சரியாக ஈடுசெய்கின்றன. சிறிய சோடியத்துக்கோ அவை நெருக்கமாக அமைவதில்லை. மெக்கின்னன் 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதயத்திலுள்ள இத்தகைய கால்வாய் ஒன்றை மருந்து அடைத்துவிட்டால் துடிப்பு சீர்குலைந்து உயிரிழப்பும் நேரலாம். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து 1990களின் இறுதியில் அமெரிக்காவில் விலக்கிக்கொள்ளப்பட்டது இந்த ஆபத்தினால்தான். புதிய மருந்துகள் மனிதருக்குத் தரப்படுமுன் இக்கால்வாயில் சோதிக்கப்படுவது இப்போது வழக்கமாகியுள்ளது.